பிள்ளையார் முன் ஒரு தம்ளர் கஞ்சி

உதகையிலிருந்து கல்லட்டி மலைச்சரிவில் இறங்கி, மசினகுடியைக் கடந்து சென்றால் தெப்பக்காடு வரும். கூடலூரிலிருந்து மைசூருக்குச் செல்லும் அன்பர்களும் இவ்வழியாகவே செல்வர். மாயாற்றின் கரையில், முதுமலைக் காட்டின் நடுவே, யானைகளைப் பேணும் முகாம் ஒன்று நெடுங்காலமாக இங்கு இயங்கி வருகின்றது. பாகர் பொம்மன், அவர் துணைவியார் பெள்ளி ஆகியோரைப் பற்றிய ஆவணப்படம் 2023ஆம் ஆண்டில் ஆஸ்கர் விருது பெற்றபோது உலகம் முழுவதும் அறிந்த இடம் இதுவே.

இம்முகாமில் பிள்ளையார் கோயில் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் விநாயகர் சதுர்த்தியன்று யானைகள் மாயாற்றில் நீராடி, நெற்றியில் அலங்காரம் பூண்டு, அக்கோயிலின் முன் வரிசையாக நிற்கும். இளைய யானை ஒன்று மணியை ஒலித்துச் சந்நிதியை வலம் வரும். பின்னர் எல்லா யானைகளும் துதிக்கையை உயர்த்தி ஆனைமுகனை வணங்கும். அக்காட்சியைக் காணவே தொலைவிலிருந்து வரும் அன்பர்கள் பலர்.

ஆனால் சதுர்த்தி ஆண்டுக்கு ஒருநாள். மற்ற நாட்களில் தெப்பக்காட்டிற்குச் செல்பவர்கள் காலையிலும் மாலையிலும் காண்பது, யானைகளுக்கு உணவளிக்கும் காட்சி. பெரிய அண்டாக்களில் கேழ்வரகு மாவு களியாக வேகின்றது. கொள்ளும் அரிசியும் தனித்தனியே வேகின்றன. வெந்த களியைப் பெரிய கட்டிகளாக்கி, கொள்ளும் சோறும் சேர்த்து, சிறிது வெல்லம், உப்பு, தாது உப்புக் கலவை, தேங்காய் ஆகியவற்றைக் கூட்டுகின்றனர். ஒவ்வொரு யானைக்கும் எதில் எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர் வயதும் உடல்நிலையும் பார்த்து வகுத்திருக்கின்றார். பாகர் அந்த உருண்டையைக் கையில் ஏந்தி நிற்க, யானை வாயைத் திறந்து வாங்கிக்கொள்கின்றது.

அத்தனை பெரிய உடலுக்கு அந்தக் களி முழு உணவாகாது. ஒருநாளில் ஒன்றரை நூறு கிலோவுக்கும் மேலாகப் புல்லும் தழையும் பட்டையும் உண்ணும் உயிர் அது. அவற்றைக் காட்டில் மேய்ந்தே நிறைத்துக்கொள்கின்றது. களி அதற்குத் துணை உணவு. அதிலும் முதிய யானைகளுக்கு அதன் பயன் தனியானது. அதன் காரணத்தை அறிந்தால் முதியோர் வியப்பர்.

ஆறாவது பல்வரிசை

யானைக்கு வாழ்நாளில் கடைவாய்ப் பற்கள் ஆறு முறை முளைக்கின்றன. ஒரு வரிசை தேய்ந்து விழ, அடுத்த வரிசை பின்னிருந்து முன்னே வருகின்றது. ஆறாவது வரிசையே இறுதி. ஏறக்குறைய 60 வயதளவில் அதுவும் தேய்ந்துவிட்டால், மரப்பட்டையையும் முரட்டுப் புல்லையும் அரைக்க இயலாது. காட்டில் திரியும் யானைகளுள் பல, முதுமையில் நோயால் அன்றி மெல்ல இயலாமையாலேயே மெலிந்து உயிர் விடுகின்றன. மனிதரின் அரவணைப்பில் உள்ள முதிய யானைக்கோ மென்மையாக வெந்த தானிய உணவு கிடைக்கின்றது. அதனால் அதன் முதுமை நீள்கின்றது.

மனிதருக்கு இருமுறைதான் பல் முளைக்கின்றது. எழுபதைக் கடந்தவர்களுள் பலர் காலையில் ஒரு தம்ளர் காபி, இரண்டு ரொட்டித் துண்டு, அல்லது ரஸ்க் என்று முடித்துக்கொள்கின்றனர். மெல்ல எளிது என்பது ஒரு காரணம். சமைப்பதற்கு மனமில்லை என்பது மற்றொன்று. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, துணையையும் இழந்த ஒரு மூதாட்டி, “ஒருத்திக்காக அடுப்பு மூட்டுவதா?” என்று எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணமே நாளடைவில் கைகால் தளர்ச்சியாக, எடைக் குறைவாக, கோயில் பிராகாரத்தை ஒருமுறைகூடச் சுற்ற இயலாத நிலையாக வந்து நிற்கின்றது.

கோயில் யானைகள் காட்டிற்கு வந்த கதை

2003ஆம் ஆண்டில் தமிழக அரசு, கோயில் யானைகளுக்கான நலவாழ்வு முகாமை இந்த முதுமலையில்தான் முதன்முதலாகத் தொடங்கியது. பின்னாளில் அம்முகாம் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில், பவானி ஆற்றங்கரையில், 48 நாட்கள், அதாவது ஒரு மண்டலம் நடைபெற்றது. தமிழகமெங்கும் உள்ள திருக்கோயில்களிலிருந்து யானைகள் லாரிகளில் வந்து இறங்கின.

அவற்றிற்கு ஏன் அந்த ஓய்வு வேண்டியிருந்தது? கோயிலில் யானை கற்றளத்தில் நெடுநேரம் நிற்கின்றது, நடை குறைவு. அன்பர்கள் அன்பு மிகுதியால் வாழைப்பழமும் வெல்லமும் சர்க்கரைப் பொங்கலும் தருகின்றனர். இதனால் உடல் எடை கூடுகின்றது. கால்களும் பாதங்களும் துன்புறுகின்றன. முகாமில் அவற்றின் எடையை முதலில் பார்த்தனர். காலையும் மாலையும் நடக்கச் செய்தனர். பசுந்தீவனத்துடன் கேழ்வரகு, கொள்ளு, பச்சைப்பயறு, அரிசி ஆகியவற்றை அளவோடு கொடுத்தனர். அஷ்ட சூரணமும் சியவனப்பிராசமும் சேர்த்தனர்.

நகரத்து அடுக்குமாடி வீட்டில் வாழும் முதியவரின் நிலையும் இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை. அவருக்கும் நடை குறைவு, கல் தரை, அன்போடு வருகின்ற உறவினர் கொண்டுவருவதோ இனிப்பு. யானைக்குச் செய்த சிகிச்சை அவருக்கும் பொருந்தும்: அளவான நடை, முழுத் தானியம், குறைந்த இனிப்பு.

சேந்தனார் வைத்த களி

எளிய களியை இறைவன் உவந்த வரலாறு அன்பர்கள் அறிந்ததே. தில்லையில் விறகு விற்று வாழ்ந்த சேந்தனார், நாள்தோறும் ஒரு சிவனடியாருக்கேனும் அமுதளித்த பின்னரே தாம் உண்பவர். ஒருநாள் பெருமழை. விறகு நனைந்தது, விற்பனை இல்லை, அரிசி வாங்க வழியில்லை. வீட்டில் இருந்த மாவைக் கொண்டு மனைவியார் களி கிண்டினார். கூத்தப்பெருமான் அடியாராக வந்து அதை உண்டார். மிகுந்ததையும் கேட்டு வாங்கிச் சென்றார். மறுநாள் காலையில் தில்லைவாழ் அந்தணர்கள் சந்நிதியைத் திறந்தபோது, அங்கே களி சிதறிக் கிடந்தது. மார்கழித் திருவாதிரையில் இன்றும் வீடுதோறும் களி படைப்பது இதன் நினைவாகவே. ஓடாது நின்ற தேரைப் பல்லாண்டு பாடி ஓடச் செய்தவரும் இச்சேந்தனாரே.

இவ்வரலாற்றில் களியின் சுவையைப் பற்றிய பேச்சே இல்லை. தமக்கென்று மட்டும் சமைக்காத ஓர் இல்லம் அது என்பதே செய்தி. “ஒருத்திக்காக அடுப்பா?” என்னும் கேள்விக்கு விடை இங்கே இருக்கின்றது. காலையில் காய்ச்சிய கஞ்சியைப் பூசையறைப் பிள்ளையார் முன் ஒரு தம்ளர் வைத்து வணங்கிய பின் அருந்தினால், அது ஒருவருக்கான சமையல் ஆகாது. முன்பே நிவேதனம், பின்பே உணவு. உடம்பை இறைவன் உறையும் இடமாகக் கண்ட திருமூலர் வழியில், அவ்வுடம்பைப் பேணுவதும் தொண்டே.

தானியங்கள் தெய்வத்திற்கு அயலானவை அல்ல. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு வார்ப்பது கேழ்வரகுக் கூழ். வள்ளி காத்தது தினைப்புனம். முருகனுக்கு உகந்தது தேன் கலந்த தினைமாவு. தெப்பக்காட்டைச் சூழ்ந்த காட்டில் தேனெடுக்கும் காட்டுநாயக்கர் குடியினர் இன்றும் வாழ்கின்றனர். கோபுரக் கலசங்களிலும் குடமுழுக்கின்போது வரகு முதலிய தானியங்களை நிரப்புகின்றனர். நீலகிரியின் படுகர் இல்லங்களில் கேழ்வரகும் சாமையும் தலைமுறை தலைமுறையாக உணவாகி வந்தவை.

விலையும் பயனும்

நீலகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில், அரிசிக்குப் பதிலாகக் குடும்ப அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவை அவ்வாண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. கடையில் விலை கொடுத்து வாங்கினாலும் கேழ்வரகு மலிவானதே. ஒரு கிலோ தானியத்தை முளைகட்டி அரைத்தால் ஏறக்குறைய 900 கிராம் மாவு கிடைக்கும். ஒரு தம்ளர் கஞ்சிக்கு 25 கிராம் போதும். ஆகவே 36 தம்ளர். கணவன் மனைவி இருவருக்கும் 18 நாட்களுக்கான காலைக் கஞ்சி. அழகிய பெட்டிகளில் விற்கும் சத்துமாவுகளின் பின்புறத்தைப் படித்தால், சிலவற்றில் சர்க்கரையும் வாசனைப் பொருளும் சேர்ந்திருப்பது தெரியும். அவற்றின் விலையோ தானியத்தைப் போல் பல மடங்கு.

கேழ்வரகுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதன் மேல்தோல் மணியோடு இறுகி ஒட்டியிருப்பதால், அரிசியைப் போல் அதைத் தீட்டி வெளுக்க இயலாது. அரைத்தால் தோலோடுதான் அரைபடும். நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அத்தோலில் நிறைந்துள்ளன. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம். அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவே.

எனினும் மிகைப்படுத்தல் வேண்டா. ஒரு தம்ளர் கஞ்சிக்கான 25 கிராம் மாவில் கிடைப்பது 90 மில்லிகிராம் அளவே. முதியவருக்கு ஒருநாளைக்கு 1000 மில்லிகிராமோ அதற்குச் சற்று மேலோ வேண்டும். கஞ்சியுடன் அரைத் தம்ளர் பால் சேர்த்தால் மேலும் 100 மில்லிகிராமுக்குக் குறையாமல் சேரும். மீதி, கீரையிலும் தயிரிலும் எள்ளிலும் வரவேண்டும். கஞ்சி ஒரு நல்ல தொடக்கம், அதுவே மருந்தன்று.

முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி

ஒரு கிலோ கேழ்வரகைப் புடைத்து, நான்கைந்து முறை நீரில் களைந்து, மண்ணும் கல்லும் போக அரித்தெடுக்க வேண்டும். இரவு முழுவதும் நல்ல நீரில் ஊறட்டும். காலையில் நீரை வடித்து, ஈரமான பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி வைக்க வேண்டும். சமவெளியில் ஒரு பகலும் இரவும் போதும். உதகை, குன்னூர்ப் பக்கத்துக் குளிரில் இரண்டு நாட்கள் ஆகலாம். அங்கே மூட்டையை அடுப்படியின் வெதுவெதுப்பில் வைப்பது நலம். துணி உலராதபடி அவ்வப்போது நீர் தெளிக்க வேண்டும். புளித்த வாடை வீசினாலோ பூஞ்சை தென்பட்டாலோ அதைக் கொட்டிவிடுவதே முறை.

வெண்மையான சிறு முளை தோன்றியதும் நிழலில் பரப்பி நன்கு உலர்த்தி, கையால் தேய்த்து முளையை உதிர்க்க வேண்டும். பிறகு இளந்தீயில், மணம் எழும் அளவிற்கு மட்டும் வறுத்து, ஆறியபின் மாவு மில்லில் அரைக்கலாம். மிக மெல்லிய சல்லடையில் சலித்துத் தவிட்டை எறிந்துவிட்டால், வாங்கிய பயனில் ஒரு பங்கு குப்பைக்குப் போய்விடும்.

முளைகட்டுவதன் பயன் இரண்டு. தானியத்தின் தாதுச் சத்துக்களை உடல் ஏற்கவிடாது பிடித்து வைத்திருக்கும் பொருள் குறைகின்றது. மாவுப் பொருளும் ஓரளவு தானே உடைபடுவதால், கஞ்சி கொழகொழவென்று இறுகாது, செரிமானமும் எளிதாகின்றது.

காய்ச்சும் முறை எளிது. குவித்த இரண்டு மேசைக்கரண்டி மாவை அரைக்கால் லிட்டருக்குக் குறைவான தண்ணீரில் கட்டியின்றிக் கரைக்க வேண்டும். தண்ணீர் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். வெந்நீரில் கரைத்தால் கட்டி தட்டும். அடி கனமான பாத்திரத்தில் ஒரு தம்ளர் நீரைக் கொதிக்க வைத்து, கரைத்த மாவை ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். எட்டுப் பத்து நிமிடங்களில் நிறம் கருத்து, பளபளப்பு ஏறி, பச்சை வாடை போய்விடும். இறக்கி, பால் சேர்த்துச் சிறிது நாட்டுச் சர்க்கரையும் ஏலமும் இடலாம். அல்லது ஆறவைத்து, மோர், உப்பு, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை சேர்க்கலாம். இனிப்பு விலக்கியோருக்கு இரண்டாவதே உகந்தது.

சாமைக் குருணைக் கஞ்சி

மாவுக் கஞ்சியைக் காட்டிலும் குருணைக் கஞ்சி பசி தாங்கும். தீட்டாத சாமை அரைக் கிலோவும், பாசிப்பருப்பு 150 கிராமும் எடுத்து, தனித்தனியே வாசனை வர வறுக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி மிளகும் இரண்டு தேக்கரண்டி சீரகமும் ஒரு சிறு துண்டு சுக்கும் உடன் வறுத்து, ஆறியபின் எல்லாவற்றையும் மிக்சியில் ரவையினும் சற்றுப் பெரிதாக உடைத்து வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பங்கு குருணைக்கு எட்டுப் பங்கு நீர். அரை மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் நான்கு விசில் விட்டோ, திறந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் இளந்தீயில் வைத்தோ குழைய வேகவைக்க வேண்டும். உப்பும் சிறிது நெய்யும் சேர்த்தால் போதும். துருவிய கேரட்டோ, பொடியாக நறுக்கிய முருங்கைக் கீரையோ வேகும்போதே இடலாம். பொய்ப்பல் கட்டியவர்களும் வருத்தமின்றி உண்ணலாம்.

சாமையை வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பது முக்கியம். பளிச்சென்று வெளுத்திருந்தால் மில்லில் தவிடு போகத் தீட்டியது. சற்றே மங்கிய பழுப்பாக இருந்தால் தவிடு உள்ளது. தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் இத்தகைய குருணை நெடுநாள் தாங்காது. சிக்கு வாடை அடிக்கும். ஒரு மாதத்திற்குரியதை மட்டும் செய்து, ஈரமற்ற டப்பாவில் இறுக மூடி வைக்க வேண்டும். மலைநாட்டுப் பனி ஈரத்தில் இந்தக் கவனம் இருமடங்கு தேவை.

கருத்தில் கொள்ள வேண்டியவை

நீரிழிவு உடையோர், “சிறுதானியம் சர்க்கரையை ஏற்றாது” என்னும் பேச்சை அப்படியே நம்புதல் கூடாது. நன்கு அரைத்து, நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி விரைவில் செரித்து இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தும். அவர்களுக்குப் பருப்பும் கீரையும் சேர்ந்த குருணைக் கஞ்சி, அதுவும் அளவோடு, பொருந்தும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் உண்பவர்கள், மருத்துவர் கூறிய இடைவெளி கழித்தே கஞ்சி அருந்த வேண்டும். நார்ச்சத்துப் பழகாதவர்கள் அரைத் தம்ளரில் தொடங்கி, நாளடைவில் கூட்டலாம். பகலில் தண்ணீரும் போதிய அளவு அருந்த வேண்டும். விழுங்குவதில் இடர் உள்ளவர்களுக்குச் சற்றுக் கெட்டியாக, வெதுவெதுப்பாக, நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுக்க வேண்டும். ஏகாதசி முதலிய தானியம் விலக்கும் விரத நாட்களில் அவரவர் குல வழக்கமே வழி.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கோயில் யானையைக் காணும்போது, ஆர்வத்தால் வெல்லக் கட்டியையும் இனிப்பையும் நேரே அதன் துதிக்கையில் வைப்பதைத் தவிர்க்கலாம். பாகரைக் கேட்டு, அவர் சொல்லும் பொருளைச் சொல்லும் அளவில் அவரிடமே கொடுத்தால், காணிக்கை அந்த வாயில்லா உயிருக்குத் தீங்காகாது.

அடுத்த சங்கடஹர சதுர்த்தி நெருங்குகின்றது. அன்றைய விரதம் முடித்துச் சந்திர தரிசனம் கண்டபின், பிள்ளையாருக்கு வைத்த கஞ்சியால் உபவாசம் நீக்கலாம். ஒரு கிலோ கேழ்வரகை முன்கூட்டியே ஊறப்போட்டால் அதற்குள் மாவு தயாராகிவிடும். தனித்து வாழும் மூதாட்டி அடுத்த வீட்டில் இருப்பின், பாத்திரத்தில் இன்னொரு தம்ளர் நீரும் இரண்டு கரண்டி மாவும் கூட்டுவது பெரிய செலவன்று. சேந்தனார் இல்லத்தில் களி மிகுந்ததும் அவ்வாறு மற்றவருக்கென்றே.